சாட்சியின் முதுகு

உண்மை அறியும் குழு ஊருக்குப் போகிறது. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணை உட்கார வைத்துக் கேட்கிறது. அறிக்கையின் நடுவில் அவர் சொன்னது இரண்டு பக்கம் வருகிறது. முன்னும் பின்னும் நாம் எழுதுகிறோம். நமக்குப் பழகிப்போன இந்த வடிவத்தின் பழைய தடங்களில் ஒன்று 1831இல் லண்டனில் வெளியான 'மேரி பிரின்ஸின் வரலாறு'. பிரிட்டனில் அச்சேறிய, கறுப்பினப் பெண் ஒருவரின் முதல் தன்வரலாறு.

மேரி 1788 வாக்கில் பெர்முடாவில் அடிமையாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயசு வாக்கில், தங்கைகளோடு சேர்த்துத் தெருவில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். பிறகு டர்க்ஸ் தீவு உப்பளம், அப்புறம் ஆன்டிகுவா. 1828இல் எஜமான் ஜான் வுட் குடும்பத்தோடு லண்டன் வந்து, அவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார். இங்கிலாந்து மண்ணில் அவரைப் பிடித்துக் கட்ட முடியாது. ஆனால் கணவன் இருக்கிற ஆன்டிகுவாவுக்குத் திரும்பினால் மறுபடி அடிமை. விடுதலைப் பத்திரம் எழுதித்தர வுட் கடைசிவரை மறுத்துவிட்டார். அடிமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் தாமஸ் பிரிங்கிளின் வீட்டில் மேரி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே விருந்தாளியாக இருந்த சூசன்னா ஸ்ட்ரிக்லண்ட், மேரி சொல்லச் சொல்ல எழுதினார், பிரிங்கிள் செப்பனிட்டார். ஒரே வருஷத்தில் மூன்று பதிப்பு.

அவருடைய சொற்களை அப்படியே வைத்திருக்கிறோம், திரும்பத் திரும்பச் சொன்னதையும் இலக்கணப் பிழைகளையும் மட்டும் நீக்கினோம் என்கிற பொருளில் முன்னுரை எழுதுகிறார் பிரிங்கிள். இந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பது கள ஆய்வுக்குப் போய்வந்து ஒலிநாடாவைக் காகிதத்தில் இறக்கியவர்களுக்குத் தெரியும். மேரி பேசி முடித்ததும் பிரிங்கிள் மறுபடி வருகிறார்: வுட்டின் கடிதம், அதற்கு மறுப்பு, மேரியின் ஒழுக்கத்துக்கு நற்சான்றுகள். அதுவும் போதவில்லை. உடம்பில் தழும்பு உண்டா என்று பர்மிங்ஹாம் பெண்கள் சங்கத்திலிருந்து விசாரித்தார்கள். பிரிங்கிளின் மனைவி, மற்றப் பெண்களையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மேரியின் முதுகைப் பார்த்து, முதுகு முழுக்கத் தழும்பு என்று பதில் எழுதினார். பிற்பாடு வந்த பதிப்பில் அந்தக் கடிதம் பின்னிணைப்பு ஆகிவிட்டது. விற்பனைக்கு நிறுத்தியபோது உடம்பைத் தடவிப் பார்த்தவர்களை மேரியே விவரித்திருக்கிறார். விடுதலைக்கும் உடம்பைக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த நூலையொட்டி 1833இல் இரண்டு அவதூறு வழக்குகள். மேரியையும் பிரிங்கிளையும் தாக்கி 'பிளாக்வுட்ஸ்' இதழ் வெளியிட்ட கட்டுரைக்காகப் பிரிங்கிள் தொடுத்த வழக்கில் அவருக்கு 5 பவுன் கிடைத்தது. வுட் பிரிங்கிள் மேல் தொடுத்ததில் வுட்டுக்கு 25 பவுன். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சாட்சிகளைக் கொண்டுவரப் பிரிங்கிளால் முடியவில்லை. தொகையை விட முக்கியமானது இரண்டாவது வழக்கில் மேரி கூண்டில் நின்று சொன்னது. திருமணத்துக்கு முன் ஒரு கப்பல் தலைவரோடு ஏழு வருஷம் வாழ்ந்தேன். எழுதிக்கொண்ட அம்மையாரிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தேன் என்றார். நூலில் அது இல்லை. பக்தி மிகுந்த நடுத்தர வர்க்க வாசகர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டிய இயக்கத்துக்குக் கறைபடாத சாட்சி தேவைப்பட்டது. நம்ம ஊரில் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பற்றி எழுதும்போது 'நல்ல குடும்பத்துப் பெண்' என்று ஆரம்பிக்கிறோமே, அதே பதற்றம்.

அப்படியானால் இது பிரிங்கிளின் பிரதிதான், மேரியின் குரல் என்று எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கோட்பாடு படித்த நண்பர்கள் சிலர் அவசரமாக அங்கே போய்விடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உப்பளப் பகுதியைப் படியுங்கள். கையில் பாதிப் பீப்பாயும் மண்வாரியும். காலை நாலு மணிக்கு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் ஒன்பது வரை வேலை. அவசரமாகக் கொஞ்சம் சோளக்கஞ்சி, மறுபடி உப்பு. வெயிலில் உடம்பு கொப்பளிக்கும். காலில் வரும் புண் சிலருக்கு எலும்பு வரை அரித்துவிடும். இயக்கம் கேட்டது கொடுமையை. மேரி கூடவே வேலையின் அன்றாடத்தையும் சொல்கிறார்: கருவி, நேரம், கூட வேலை செய்தவர்கள். இடுப்பு விளங்காத கிழவர் டானியலை அடித்து, ரணத்தில் உப்பைக் கொட்டியதைச் சொல்லும்போது அவர் தன் கதையை நிறுத்திவிட்டு மற்றவர்களின் கதைக்குப் போகிறார். முடிவில் வாதமே செய்கிறார்: அடிமைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு என்ன தெரியும், அடிமையாக இருந்தவள் நான். கூலி கொடுத்து முறையாக நடத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் உழைப்போம் என்கிறார். சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். முதுகைப் பார்க்க வந்தவர்கள் இதை எவ்வளவு தூரம் காதில் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

1833 ஆகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 2 கோடி பவுன் நஷ்டஈடு, உடைமையாளர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அந்த ஆண்டு நடந்த வழக்குக்குப் பிறகு, இதுவரை கிடைத்த ஆவணங்களில் மேரியின் சுவடு இல்லை.

சட்டத்தின் 64ஆம் பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாவையும் விலக்கிவைத்தது. ஆக, தஞ்சாவூர் வயல்களில் பறையர்களும் பள்ளர்களும் அடிமைகளாகவே உழுதுகொண்டிருந்தார்கள். லண்டன் வரவேற்பறைகளில் கண்ணீரோடு வாசிக்கப்பட்டது கரீபியத் தீவுகளின் கதை. இந்திய அடிமைமுறை பற்றிச் சட்ட ஆணையம் 1841இல் அறிக்கை கொடுத்தது. அதில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கலெக்டர்களும் நீதிபதிகளும். 1843இன் ஐந்தாவது சட்டம், ஒருவரை அடிமையாக உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்றது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமாவதற்கு 1860இன் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது.