நூற்கண்டுப் பிடியின் வரலாறு

தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் கலையில் ஈத் தூண்டில் என்றொரு பிரிவு உண்டு. புழுவும் மாவும் இதற்கு இரையல்ல. சிறு முள்ளின்மேல் இறகு, கம்பளி, விலங்கு மயிர் முதலியவற்றை நூலால் சுற்றி, நீர்மேல் திரியும் பூச்சியை ஒத்த பொய் ஈ ஒன்றைக் கட்டுவர். அதன் உறுப்புகள் அனைத்தையும் பிணைத்து நிற்பது நூல்தான். கட்டும்போது நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் இறகு புரண்டுவிடும். இறுக்கம் மிகுந்தாலோ நூல் அறும். ஆகவே நூலை எவ்வாறு பிடித்துக்கொள்வது என்பதே இக்கலையின் பழைய வினா. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றே பாபின் ஹோல்டர் எனப்படும் சிறு கருவி. தமிழில் அதனை நூற்கண்டுப் பிடி என வழங்குவோம். நெசவாளரின் நாடாவினுள் தார் அமர்ந்திருப்பதை அறிந்தவர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ரோமானியரான ஈலியன், மாசிடோனிய நாட்டு மீனவர் முள்ளில் செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடைக்கடியில் வளரும் இறகுகள் இரண்டைப் பொருத்தியதாக எழுதியுள்ளார். இங்கிலாந்தில் 1496இல் அச்சேறிய தூண்டில் நூலொன்றில் பன்னிரண்டு வகை ஈக்கள் கூறப்பெற்றுள்ளன. இடுக்கி முதலிய துணைகள் பெருகுமுன், விரல்களே முள்ளையும் பிடித்தன, நூலையும் இழுத்தன.

பட்டு நூலை ஒரு முழ அளவில் வெட்டி, செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் மெழுகைத் தடவிக்கொள்வது பழைய முறை. மெழுகின் பிசுக்கினால் சுற்றிய நூல் எளிதில் அவிழாது. கையை எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு முடிச்சுப் போடுவர். அல்லது சிறு கவ்வி ஒன்றை நூலின் நுனியில் தொங்கவிடுவர். அந்தக் கவ்வியின் எடையே நூலை இறுக்கமாக வைத்திருந்தது. பிற்காலத்து நூற்கண்டுப் பிடியின் கருத்து இதிலேயே அடங்கியிருந்தது எனலாம். ஆனால் நூல் தீர்ந்துபோனால் புதியதை வெட்டி மீண்டும் தொடங்க வேண்டும். மிச்சமாகும் துண்டுகளும் வீணே. தமக்கென்று ஒன்றிரண்டு கட்டுவோர்க்கு இது பொருட்டன்று. கூலிக்கு நாள் முழுவதும் கட்டுவோர்க்கோ இதுவே காலத்தைத் தின்னும் செலவு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் மேரி ஆர்விஸ் மார்பரி என்னும் அம்மையார் பெண்கள் பலரை வைத்து ஈக்கள் கட்டுவித்தார். 1892இல் ஈக்களைப் பற்றி ஒரு பெருநூலும் வெளியிட்டார். மீன் பிடித்தவர்களின் பெருமையை ஏடுகள் நிறையப் பேசுகின்றன. ஈ கட்டிய இக்கைகளைப் பற்றி அவை பேசுவது குறைவே.

நம் நாட்டில் இக்கலை அயல்நாட்டு மீனோடு கூட வந்து சேர்ந்தது எனலாம். காஷ்மீரத்தின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளை வரவழைத்தனர். 1899இல் அனுப்பியவை வழியிலேயே அழிந்தன. 1900இல் வந்தவை பிழைத்தன. லித்தர் ஆற்றங்கரையில் ஈத் தூண்டில் வீசும் வழக்கம் அதன் வழியே வந்தது. எதிர்த்திசையிலும் ஒரு சரக்குச் சென்றதுண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுகளில் மெழுகுத் துளி போன்ற புள்ளிகள் உள்ளன. விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களுக்குக் கண்ணாகவும் கன்னமாகவும் அமைந்தவை அவ்விறகுகளே. அந்த அலங்காரத்திற்காக எண்ணற்ற பறவைகள் மடிந்தன என்பதை மறைத்துப் பேசுவது முறையாகாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கும் காப்பளித்தது.

இருபதாம் நூற்றாண்டில் பரவிய நூற்கண்டுப் பிடியில், வில்போல் வளைந்த இரு கம்பிக் கால்கள் நூற்கண்டை இருபுறமும் கவ்வுகின்றன. கால்கள் கூடுமிடத்தில் ஒரு மெல்லிய குழல் உண்டு. நூல் அதன் வழியே வெளிப்படும். கையை எடுத்தால் கருவி தன் எடையால் தொங்கிக்கொண்டே நூலை இறுக்கமாக வைத்திருக்கும். நைலான் நூல் 1938இல் அறிவிக்கப்பெற்று, பின்னர்ப் பட்டின் இடத்தைப் பெரிதும் கைப்பற்றியது. பழைய தேர்ச்சியாளர் சிலர் இக்கருவியை விரும்பாமைக்குக் காரணம் பிடிவாதம் மட்டுமன்று. மெழுகு தடவிய நூலைச் செலுத்தினால் குழல் அடைத்துக்கொள்ளும். நூலின் இறுக்கத்தை விரல் நேரே உணர்வதும் குறையும். அமெரிக்கரான லீ வுல்ஃப் இடுக்கியும் இன்றி வெறும் விரல்களால் மிகச் சிறிய 28ஆம் எண் முள்ளிலும் ஈ கட்டிக் காட்டியவர். ஆயினும் அத்தகைய விரல்கள் யாவர்க்கும் வாய்ப்பதில்லை.

வாங்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது குழலின் வாய். அங்கே கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தாலும் நூல் நைந்து, ஈ முடியும் தறுவாயில் அறும். மெல்லிய பட்டிழை ஒன்றைக் குழலினுள் செலுத்தி, விளிம்பில் பட முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். வலிமை மிக்க இன்றைய செயற்கை நூல்கள் மென்மையான உலோகத்தில் நாளடைவில் பள்ளம் அறுத்துவிடக்கூடும். பீங்கான் குழல் தேயாது. கீழே விழுந்தால் உடையக்கூடும். நன்கு மெருகிட்ட எஃகுக் குழலே பெரும்பாலோர்க்குப் போதும் என்பது நம் கருத்து. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் மாட்டரெல்லி துருவேறா எஃகில் செய்த பிடிகளைப் பலர் போற்றியதும் இம்மெருகின் பொருட்டே.

அடுத்தது கால்களின் அழுத்தம். கருவி தொங்கும்போது நூற்கண்டு தானே உருளலாகாது. விரலால் மெல்ல இழுத்தால் தடையின்றி நூல் வரவேண்டும். மிகக் கடினமாக இருந்தால் கால்களைச் சிறிது வெளிப்புறம் வளைக்கலாம், தளர்ந்திருந்தால் உட்புறம். நூலைத் தானே திரும்பச் சுற்றும் வில் பொருத்திய வகையும் உண்டு. அது விரைவைக் கூட்டும், விலையையும் கூட்டும். சிறு முள்ளுக்குக் குறுகிய வாயுள்ள குழலும், முரட்டு நூலுக்கு அகன்றதும் ஏற்றவை. விலையுயர்ந்த ஒன்றைக் காட்டிலும் எளியவை இரண்டு மூன்று வைத்திருப்பது நன்று. நிறம் மாற்றும்போதெல்லாம் கண்டைக் கழற்றிக் குழலில் மீண்டும் நூல் கோக்கும் வேலை மிச்சமாகும்.