நாகுவாத்துப் பெயர்க்குறிகளிற் சிகைக்கோலம்

வரலாற்றை ஆராயப் புகுவோர் அரசாணைகளையும் போர்ச் செய்திகளையுமே பெரிதும் நாடுவர். ஆயின், வரி விதித்தற்பொருட்டு எழுதப்பட்ட வெறும் பெயர்ப் பட்டியலும் சிலவேளைகளில் அவற்றினும் நுட்பமான சான்றாதல் கூடும். மெக்சிக்கோவில் ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் வரையப்பட்ட நாகுவாத்து மொழிச் சுவடிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாம்.

1560 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டு, இன்று பாரிசிலுள்ள பிரான்சிய தேசிய நூலகத்திற் பேணப்படும் வெஷோட்சிங்கோக் குடிக்கணக்கை நோக்குவோம். இதில் ஆடவன் ஒவ்வொருவனும் ஒரு தலையுருவாற் சுட்டப்படுகின்றான். அவனது பெயர் இலத்தீன் எழுத்தில் வரையப்பட்டிருக்க, அருகே ஓர் ஓவியக்குறியும் காணப்படும். பெயரின் முற்பகுதி ஞானஸ்நானத்தில் இடப்பட்டது. பிற்பகுதி நாகுவாத்துப் பெயர். ஓவியக்குறி உணர்த்த முனைவது இப்பிற்பகுதியையே. தெமிலோ போன்ற பெயர்களுக்குச் சிகைக்கோலமே குறியாகியது. எனவே ஒரே பதிவில் இரு தலைகள் வருதலும் உண்டு: ஒன்று ஆளைச் சுட்டுவது, மற்றையது பெயரைச் சுட்டுவது. இவ்வேறுபாட்டை உணராதார் குறியைப் பிறழ வாசிப்பர்.

சிகைக்கோலம் பெயராகும் தகுதியை எவ்வாறு பெற்றது? 1577 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற புளோரன்சுச் சுவடியில், பிரான்சிஸ்கன் துறவியாகிய சகாகூன் இதற்கு விடை தருகின்றார். பத்து வயதுச் சிறுவனுக்குப் பின்னந்தலையிற் குடுமி விடப்பட்டது. போரிற் கைதியொருவனைப் பிடிக்கும்வரை அது நீங்காது; வளர்ந்த பின்னும் அதனைத் தாங்குதல் இழிவெனக் கருதப்பட்டது. உச்சியில் தூண்போல் முடிந்த 'தெமில்லோத்து' தேர்ந்த வீரர்க்குரியது. 'குவாச்சிக்' எனப்பட்டோர் தலையை மழித்துக் கற்றையொன்றை மாத்திரம் விட்டனர். 1541 ஆம் ஆண்டளவில் எழுந்த மெந்தோசாச் சுவடியில் மணமான பெண்டிர், நெற்றிக்குமேல் இரு கொம்புகள்போற் கூந்தலை முடிந்தவராய்த் தோன்றுகின்றனர். எனவே அச்சமுதாயத்திற் சிகை அழகுப்பொருளாக மாத்திரம் அமையவில்லை. ஒருவரின் நிலையைப் பிறர் கண்டறியும் அடையாளமாகவும் அமைந்தது.

1521 இல் தெனொச்தித்லான் வீழ்ந்தது. அதன்பின் கைதி பிடித்துத் தகுதியுயரும் வழக்கம் தன் அடிப்படையை இழந்தது. எனினும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின்னரும் அக்கோலம் பெயராய் நிலைத்தது. சுதேச ஓவியனின் கையும் அதன் வடிவத்தை மறந்திலது. இப்பெயரைத் தாங்கியோர் யாவரும் வீரரே என முடிவு கட்டுதல் பொருந்தாது. பெயர் கூறுவது அதனைத் தாங்கியவனது வீரத்தை அன்று; அவனுக்குப் பெயரிட்ட சமுதாயம் எதனை மதித்தது என்பதையே. வரியை எண்ண முனைந்த ஆட்சி, தான் அழித்த மதிப்பொன்றின் சுவட்டைத் தன் ஏட்டிலேயே காத்துவைத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது.