முப்பத்தைந்து வயதுவரை

நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக்கோப்பை வரும்போது ஜூஸ்ட் ஃபோன்டேன் பெயரைப் பத்திரிகைகள் எடுத்துப் போடும். 1958, ஸ்வீடன், ஒரே தொடரில் 13 கோல். அந்த ஒரு வரியோடு ஆளை மூடி வைத்துவிடுவார்கள். இதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. சென்னை லீகில் சென்டர் ஃபார்வர்டாகச் சில சீசன் ஆடி, இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறவன் நான். கோல் அடிக்கிறவனை எப்படித் தூக்கி வைப்பார்கள், எந்த நாளில் கீழே இறக்கிவிடுவார்கள் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். ஃபோன்டேன் அடித்த கோல்களைவிட, கால் உடைந்த காலத்தில் அவர் கையில் எடுத்த வேலைதான் பெரிது என்பது என் கட்சி.

1933இல் மராகேஷில் பிறந்தவர். மொராக்கோ அப்போது பிரான்ஸின் பிடியில் இருந்தது. அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஸ்பானியர். காசாபிளாங்காவில் ஆடிக்கொண்டிருந்த பையனை 1953இல் நீஸ் கிளப் கூட்டிக்கொண்டு போனது. அதே வருட டிசம்பரில் பிரான்ஸுக்காக முதல் ஆட்டம், லக்சம்பர்க்குக்கு எதிராக. ஹாட்ரிக் அடித்தார். அப்படி அடித்தும் உலகக்கோப்பைக்கு முன்னால் தேசிய அணியில் அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். 1956இல் ரீம்ஸ் கிளப் தன் நட்சத்திரமான ரெமோன் கோபாவை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. அந்த இடத்தை நிரப்ப ஃபோன்டேனை வாங்கியது.

1957 குளிர்காலத்தில் முட்டி ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை. ஒரு ஃபார்வர்டுக்கு அந்தக் காலத்தில் இது சாதாரணச் செய்தி இல்லை. ஆனால் அவருக்கு அந்த ஓய்வு வரமாக அமைந்தது. மற்றவர்கள் சீசன் முழுக்க ஓடிக் களைத்திருக்க, இவர் புதுக்காலோடு திரும்பினார். அந்த சீசனில் லீகில் 34 கோல். ரீம்ஸுக்கு லீக் பட்டமும் பிரெஞ்சுக் கோப்பையும் ஒரே வருடத்தில்.

ஸ்வீடனுக்குப் போகும்போதுகூட முதல் பதினொன்றில் அவருக்கு உறுதியான இடம் கிடையாது. அவருடைய கிளப் தோழரே ஆன ரெனே ப்ளியார் காயம்பட்டதால்தான் அந்த இடம் திறந்தது. போன இடத்தில் பயிற்சியின்போது பூட்ஸ் பிய்ந்துபோனது. இன்றைக்குப் போல ஆளுக்குப் பத்து ஜோடி கொடுக்கக் கம்பெனிகள் வரிசையில் நிற்காத காலம். மாற்று வீரரான ஸ்டெஃபான் ப்ருவேக்கும் அவருக்கும் ஒரே அளவு. அந்தப் பூட்ஸை இரவல் வாங்கிக்கொண்டுதான் உலகக்கோப்பை ஆடினார்.

பராகுவேக்கு எதிராக மூன்று. யூகோஸ்லாவியாவிடம் பிரான்ஸ் 2-3 என்று தோற்ற ஆட்டத்தில் அந்த இரண்டும் இவர் அடித்தவை. ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று, காலிறுதியில் வட அயர்லாந்துக்கு எதிராக இரண்டு. பந்தைக் கொடுத்தவர் பெரும்பாலும் கோபா. நோ லே மின் என்ற ஊரில், போலந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, தானும் சுரங்கத்தில் இறங்கி விரலின் ஒரு பகுதியைப் பறிகொடுத்தவர் அவர். மாட்ரிட்டிலிருந்து வந்து தேசிய அணியோடு சேர்ந்த கோபாவும் ஃபோன்டேனும் ஒரே அறையில் தங்கினார்கள். பழைய படச்சுருளை நான் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. கோபாவின் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே ஃபோன்டேன் ஓட ஆரம்பித்திருப்பார். ‘பந்தைப் பார்க்காதே, கோபாவோட தோளைப் பாருடா’ என்பேன். இரண்டு காலாலும் அடிக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பக்கம் பந்து வந்தாலும் சரிதான்.

அரையிறுதியில் பிரேசில். அந்தத் தொடரில் பிரேசில் வாங்கிய முதல் கோலே ஃபோன்டேன் அடித்ததுதான், ஒன்பதாவது நிமிடத்தில். அதுவரை நான்கு ஆட்டங்களில் அவர்கள் வலையை யாரும் தொடவில்லை. பிறகு தடுப்பாட்டத்தின் தூணான ராபர்ட் ஜோன்கேயின் கால் எலும்பு முறிந்தது. மாற்று வீரரை இறக்க விதியில் இடமில்லை. அவர் நொண்டிக்கொண்டு ஓரமாக நிற்க, பத்துப் பேரோடு ஆடிய பிரான்ஸை 17 வயது பெலே மூன்று கோல் போட்டு முடித்தார். 5-2. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஃபோன்டேன் நான்கு அடித்தார். அன்று கிடைத்த பெனால்டியைக் கோபா அடித்தார். 13 கோலில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. ஆடியது ஆறே ஆட்டம். பரிசு என்று ஸ்வீடன் பத்திரிகை ஒன்று அவருக்குத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தது. தங்கக் காலணி என்ற ஏற்பாடெல்லாம் அப்போது இல்லை.

அந்த அணியில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு ஃபார்வர்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாந்த் எத்தியேன் கிளப்பின் ரஷீத் மெக்லூஃபி, அல்ஜீரியர். உலகக்கோப்பைக்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரலில், தடுப்பாட்டக்காரர் முஸ்தஃபா ஸிதூனி முதலான தோழர்களோடு பிரான்ஸை விட்டு ரகசியமாக வெளியேறி, துனிஸில் அல்ஜீரிய விடுதலை முன்னணியின் அணியில் சேர்ந்தார். ஃபிஃபா அங்கீகரிக்காத அணி அது. 21 வயதில், கையில் இருந்த உலகக்கோப்பையை நாட்டுக்காக விட்டார். 13 என்ற எண்ணைப் பேசுகிறவர்கள் இவரையும் பேச வேண்டும்.

1960 மார்ச் 20. சோஷோ அணிக்கு எதிரான ஆட்டம். எதிராளியின் டேக்கிளில் ஃபோன்டேனின் காலில் இரண்டு எலும்பும் முறிந்தன. அவருக்கு வயது 26. அந்தக் கோடையில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் தொடர் பிரான்ஸிலேயே நடந்தது. அரையிறுதியில் பிரான்ஸ் 4-5 என்று தோற்றதை அவர் வெளியில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. வருடக் கடைசியில் களத்துக்கு வந்தார். டிசம்பரில் பல்கேரியாவுக்கு எதிராக ஆடியது தேசிய அணிக்குக் கடைசி ஆட்டம். 1961 ஜனவரி 1 அன்று லிமோஜ் அணியோடு ஆடும்போது அதே கால் மறுபடி உடைந்தது. 1962 ஜூலையில் விலகினார். 29 வயதுகூட நிரம்பவில்லை. பிரான்ஸுக்காக 21 ஆட்டம், 30 கோல்.

கட்டுப் போட்ட காலோடு ஒரு ஃபார்வர்ட் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். உடம்பில் மற்ற எல்லாம் ஓடத் தயாராக இருக்கும். அந்த ஒரு சாண் எலும்பு மட்டும் வராது. ஃபோன்டேனுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கால் முழுக்க அவருடையதாகவும் இல்லை. பிரான்ஸில் அன்றைய நடைமுறைப்படி, தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வீரன் 35 வயதுவரை அந்தக் கிளப்புக்குக் கட்டுப்பட்டவன். கிளப் அவனைக் கேட்காமலே விற்கலாம். விற்காமல் வைத்திருக்கவும் செய்யலாம். சம்பளம் எவ்வளவு என்பதைக் கிளப் சொல்லும். பிடிக்காவிட்டால் வேறு இடத்தில் ஆட வழியில்லை. கொத்தடிமைச் சீட்டு என்று நம் கிராமத்தில் எதைச் சொல்வோமோ, கிட்டத்தட்ட அதுதான்.

1961 நவம்பரில் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் தேசியச் சங்கம் தொடங்கியது. அதற்கு முதல் காரணம் கேமரூனிலிருந்து வந்த யூஜின் ஜோ லேயா, அவரும் ஃபார்வர்ட்தான். ஆடிக்கொண்டே சட்டம் படித்தவர். வழக்கறிஞர் ஜாக் பெர்த்ராண் துணை நின்றார். முதல் தலைவராக ஃபோன்டேன் வந்தார். நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த கோல்காரர் முன்னால் நின்றபோது, வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருந்த சின்னக் கிளப் ஆட்டக்காரனும் சந்தா கட்டத் துணிந்தான். பேர் சம்பாதித்தவனால் மட்டுமே செய்ய முடிகிற உதவி அது. பேர் சம்பாதித்தவர்களில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

1963இல் கோபா, கால்பந்து வீரர்கள் அடிமைகள் என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு அவருக்கு ஆறு மாதத் தடை விதித்து, அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். 1968 மே மாதக் கிளர்ச்சியில் பாரிஸில் கால்பந்துக் கூட்டமைப்பின் கட்டிடத்தையே ஆட்டக்காரர்கள் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள். 1969இல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஒப்பந்தம் வந்தது. அதைக் கிளப்புகள் திரும்பப் பெறப் பார்த்தபோது 1972 டிசம்பரில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1973இல் தொழில்முறைக் கால்பந்துக்கான சாசனம் எழுதப்பட்டது.

பயிற்சியாளராக ஃபோன்டேனின் வாழ்க்கை அத்தனை சிறப்பில்லை. 1967இல் தேசிய அணிக்கு இரண்டே ஆட்டம், இரண்டிலும் தோல்வி. பாரிஸ் சாந்த் ஜெர்மேன் என்ற புதுக் கிளப்பை 1974இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டார். பிறந்த மண்ணான மொராக்கோவை 1980 ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். துலூஸில் குடியிருந்து, 2023 மார்ச் 1 அன்று 89 வயதில் இறந்தார்.

அதற்குச் சில மாதம் முன்னால் கத்தார் உலகக்கோப்பையில் கிலியான் எம்பாப்பே ஏழு ஆட்டத்தில் எட்டுக் கோல் அடித்து, 13க்கு ஐந்து குறைவாக நின்றார். 2024 கோடையில், ஃபோன்டேன் ஏற்றிவிட்ட அதே பாரிஸ் கிளப்போடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும், மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல், தானே தேர்ந்த ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். அவருக்கு அப்போது வயது 25. பழைய சீட்டு இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.