சிமியோனும் அன்னாவும்

சிமியோன், அன்னா இருவரும் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் மட்டுமே வரும் எருசலேம் பக்தர்கள். பெற்றோர் கோவிலுக்குக் கொண்டுவந்த குழந்தை இயேசுவை மெசியா என்று கண்டுகொண்டவர்கள். ஆண்மகவு பிறந்து 40 நாள் ஆனதும் தாய் தூய்மைச் சடங்கு செய்யவேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர் இரு புறாக்கள் கொடுக்கலாம். மரியாவும் யோசேப்பும் செலுத்தியதாக லூக்கா குறிப்பது இந்த ஏழைக் காணிக்கையைத்தான்.

மெசியாவைப் பார்க்காமல் சாவதில்லை என்று தூய ஆவியால் அறிந்திருந்த சிமியோன், குழந்தையைக் கையில் ஏந்தி, இனி அமைதியாக விடைபெறலாம் என்று இறைவனைப் புகழ்ந்தார். அவர் முதியவர் என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை; சாவுக்கு அவர் ஆயத்தமாக இருந்ததை வைத்துப் படிப்பவர்கள் ஊகித்துக்கொண்டது அது. வயது பேசப்படுவது அன்னாவுக்கே. ஆசேர் குலத்துப் பானுவேலின் மகளான அவர் ஏழாண்டு இல்வாழ்வுக்குப் பின் கணவரை இழந்து, கோவிலே கதியென்று நோன்பும் மன்றாட்டுமாக இருந்தவர். 84 என்பது அவருடைய வயதா, கைம்மைக் காலமா என்பது கிரேக்க மூலத்தில் தெளிவில்லை. கைம்மைக் காலமானால் அவர் நூறு வயதைக் கடந்தவர். மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் குழந்தையைப் பற்றிப் பேசினார் என்கிறது நற்செய்தி. ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லும் பதிவாகவில்லை.

பிற்கால மரபும் சிமியோன் பக்கமே சாய்ந்தது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி அவரைக் குருவாக்கியது. கீழைத் திருச்சபை மரபோ எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களுள் ஒருவராக்கி, சில நூற்றாண்டு ஆயுளும் கொடுத்தது. அவருடைய புகழ்ப்பாடல் இரவு மன்றாட்டில் இடம்பெற்றது. குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கியதை நினைவுகூர்ந்து 4ஆம் நூற்றாண்டிலேயே எருசலேமில் நடந்த காணிக்கை விழா, பேரரசர் யுஸ்தினியான் காலத்தில், 542இல், கான்ஸ்டான்டிநோபிளில் நிலைபெற்றது. விழா நாளான பிப்ரவரி 2இல் மெழுகுவர்த்தி மந்திரித்துப் பவனி செல்வது மேலைத் திருச்சபை வழக்கம்.

1714இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்திகளில் இக்கதையும் இடம்பெற்றது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1726இல் முடித்த தேம்பாவணியில் மகன் நேர்ந்த படலத்தை இந்தக் காணிக்கைக்கு ஒதுக்கினார். ஆயினும் தமிழ்க் கத்தோலிக்க மக்களின் வழிபாட்டில் ஆழ வேரூன்றியது சிமியோனின் மகிழ்ச்சியன்று, மரியாவின் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்ற அவருடைய முன்னறிவிப்பு. வியாகுல மாதாவின் ஏழு துயரங்களில் முதலாவது அதுவே. செபமாலையிலோ இதே நிகழ்ச்சி மகிழ்ச்சி மறைபொருள்களில் நான்காவதாக வருகிறது.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை நான்காம் ஞாயிறை தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தினார். அதை அறிவித்தபோது சிமியோனோடு அன்னாவையும் அவர் நினைவுகூர்ந்தார்.