கூடத்துத் திரையும் விளையாட்டு யந்திரமும்

1966-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், நியூயார்க் நகரத்தின் பஸ் நிலையம் ஒன்றில் சகா ஒருவரின் வரவை எதிர்பார்த்துக் காத்திருந்த ரால்ஃப் பேயர் என்னும் எஞ்சினீயர், குறிப்புப் புஸ்தகத்தில் ஒரு யோசனையை எழுதிக்கொண்டார். வீடுதோறும் வாங்கி வைக்கப்பட்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியை, ஒளிபரப்பு நிலையத்தார் அனுப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு காரியத்துக்கும் உபயோகிக்க முடியாதா என்பதே அது. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938-இல் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்த பேயர், தொலைக்காட்சித் துறையைப் பிரத்தியேகமாகப் படித்தவர். 1951-இல் ஒரு கம்பெனிக்காகத் தொலைக்காட்சிப் பெட்டி வடிவமைத்தபோதே அதற்குள் ஒரு விளையாட்டையும் சேர்க்கலாம் என்று தாம் சொன்னதாகவும், மேலதிகாரிகள் அதை லக்ஷியம் செய்யவில்லை என்றும் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். பஸ் நிலையத்தில் தோன்றியதை மறுநாளே நான்கு பக்கங்களில் விரித்தெழுதி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ராணுவத்துக்கு மின்னணுச் சாதனங்கள் செய்துவந்த சாண்டர்ஸ் நிறுவனத்தில், தம் உத்தியோகத்தினூடேயே அவர் சோதனையைத் தொடங்கினார்.

அந்த யோசனையில் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. பின்னால் வந்த முப்பது நாற்பது வருஷங்களின் சரித்திரத்தை நிர்ணயித்தது அதுதான் என்பது என் அபிப்பிராயம். திரை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது; வரப்போகும் யந்திரம்தான் அதற்கு அடங்கி நடந்தாக வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்கோ ஆன்டெனா வழியாக வரும் சமிக்ஞையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே விளையாட்டு யந்திரம் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக வேஷம் தரித்து, பெட்டியின் முதுகிலிருந்த இரண்டு ஆன்டெனாத் திருகுகளின் வழியே உள்ளே புகுந்து, ஏதாவதொரு சானலில் தோன்ற வேண்டியிருந்தது. மரம் போல் தோன்றும் பழுப்பு நிற ஒட்டுத்தாள் சுற்றப்பட்டதால் 'பழுப்புப் பெட்டி' என்று பெயர் பெற்ற அவருடைய மாதிரியை அமெரிக்கத் தொலைக்காட்சிக் கம்பெனிகள் பலவற்றுக்கும் காட்டிய பிறகு, கடைசியில் மேக்னவாக்ஸ் கம்பெனி அனுமதி வாங்கி, 1972-இல் 'ஒடிஸி' என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

ஒடிஸியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்த யந்திரத்தால் திரையில் வரைய முடிந்தது மூன்று வெள்ளைச் சதுரங்களும் ஒரு செங்குத்துக் கோடும் மட்டுமே. நிறமில்லை, சப்தமில்லை, யார் ஜயித்தார் என்று கணக்கு வைக்கும் சக்தியுமில்லை. இந்தக் குறையைத் தீர்க்க, டென்னிஸ் மைதானமும் ரூலெட் பலகையும் வர்ணத்தில் அச்சிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்களைப் பெட்டியோடு கொடுத்தார்கள். விளையாட உட்காருமுன் அவற்றில் ஒன்றை எடுத்துத் திரையின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிக்சர் டியூபின் கண்ணாடியில் படிந்திருக்கும் மின்னேற்றமே தாளை ஓரளவு பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு திரை வேறுபட்டதால் ஒவ்வொரு தாளையும் பெரிது, சிறிது என்று இரண்டு அளவுகளில் அச்சிட்டார்கள். பகடைக்காய்களும் சீட்டுகளும் விளையாட்டு நோட்டுகளும்கூடப் பெட்டிக்குள் இருந்தன. சரித்திராசிரியர்கள் இதையெல்லாம் வேடிக்கைப் பொருளாகக் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கோ, கன்சோலுக்குத் தகுந்த திரை எது என்று இன்று வாங்குவோர் கேட்கும் கேள்வியின் முதல் உருவம் அந்த இரண்டு அளவுத் தாள்களிலேயே தென்படுகிறது. மேக்னவாக்ஸ் தன் சொந்த விற்பனையாளர்களின் கடைகளிலேயே ஒடிஸியை விற்றதால், மேக்னவாக்ஸ் டிவியில் மட்டுமே அது வேலை செய்யும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை விற்பனையைப் பாதித்தது.

1975-இல் அட்டாரி கம்பெனி தன் 'பாங்' விளையாட்டை வீட்டு யந்திரமாக்கி ஸியர்ஸ் கடைகள் மூலம் விற்றதும், 1977-இல் ஆட்டங்கள் பதிந்த தோட்டாக்களை மாற்றி மாற்றி ஆடும் கன்சோலை வெளியிட்டதும் பலரும் அறிந்த கதை. நான் கவனிக்கச் சொல்வது, இந்த இரண்டாவது யந்திரத்தின் முகப்பில் இருந்த ஒரு சிறு சுவிட்சை: ஒரு பக்கம் 'கலர்', மறுபக்கம் 'கறுப்பு-வெள்ளை'. கூடத்தில் இருந்த புது கலர் டிவியைத் தகப்பனார் செய்தி பார்க்க வைத்துக்கொண்டு, பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டியைப் படுக்கையறைக்குத் தள்ளியிருந்த காலம் அது. விளையாட்டும் பிள்ளைகளும் அங்கேதான் போய்ச் சேருவார்கள் என்பதை யந்திரம் செய்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்னொரு சுவிட்சு 2-ஆம் சானலா, 3-ஆம் சானலா என்று கேட்டது. உள்ளூர் நிலையம் எதில் ஒளிபரப்பவில்லையோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். அண்டை வீட்டு டிவியில் அலை குறுக்கிடக் கூடாதென்று அமெரிக்க அரசாங்கம் விதித்திருந்த கடுமையான சட்டத்துக்காக, யந்திரத்துக்குள் கனத்த அலுமினியக் கவசம் ஒன்றையும் வைத்தார்கள்.

ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் 14,800 யென் விலைக்கு 'ஃபாமிகாம்' யந்திரத்தைக் கொண்டுவந்தபோதும் ஆன்டெனா வழிதான். ஆனால் அதே வருஷம் ஷார்ப் கம்பெனி, ஃபாமிகாமையே உள்ளே அடக்கிய ஒரு டிவியைச் செய்து விற்றது. கம்பியும் திருகும் வேண்டாத அந்த ஏற்பாடு எவ்வளவு சௌகரியமானதாயினும் பரவவில்லை. விளையாட்டுக்காகத் திரை வாங்கும் மனோபாவம் அன்றைய குடும்பங்களுக்கு இன்னும் ஏற்படவில்லை என்றே சொல்ல வேண்டும். நம் ஊர்களுக்கும் ஃபாமிகாமின் நகல்கள் 'டிவி கேம்' என்ற பெயரில் வந்து சேர்ந்து, கோடை விடுமுறைகளில் கூடத்து டிவியை விழுங்கியதை அக்காலத்துப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோ யந்திரத்தோடு ஒரு ஒளித்துப்பாக்கியும் விற்கப்பட்டது. திரையில் பறக்கும் வாத்தைக் குறிவைத்து விசையை அழுத்தியவுடன் திரை முழுவதும் கண நேரம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையிலிருந்த ஒளியுணர்வி முதலில் இருளையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. சமிக்ஞை வந்த மாத்திரத்தில் அதைக் கோடு கோடாக ஒளியாக மாற்றிவிடும் பிக்சர் டியூபின் வேகத்தை நம்பியே இந்தத் தந்திரம் அமைந்திருந்தது. இன்றைய தட்டைத் திரையில் அந்தத் துப்பாக்கி ஒரு வாத்தையும் வீழ்த்தாது.

தட்டைத் திரை கூடத்துக்கு வந்தது 2000-க்குப் பிந்திய வருஷங்களில். அது வந்த பிறகுதான் அதிகாரம் கைமாறத் தொடங்கியது. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-உம் அடுத்த வருஷத்துப் பிளேஸ்டேஷன் 3-உம் புதுத் திரைகளையே மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. 2006-இல் வெளியான 'டெட் ரைஸிங்' என்ற ஆட்டத்தின் எழுத்துக்கள் பழைய டிவியில் வாசிக்கவே முடியாத அளவு பொடியாக இருப்பதாகப் பெரிய முறையீடு எழுந்தது. யந்திரத்துக்காக டிவியை மாற்ற வேண்டியிருக்கிறதே என்று குடும்பஸ்தர்கள் முணுமுணுத்த முதல் சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

புதுத் திரையிலும் ஒரு வினோதமான குறை இருந்தது. அது வரும் படத்தை முதலில் நினைவகத்தில் வாங்கி, தன் அளவுக்குப் பெருக்கி, மெருகேற்றி, அதற்குப் பிறகே காட்டும். சினிமா பார்ப்பவருக்கு இந்தத் தாமதம் தெரியாது. பொத்தானை அழுத்திவிட்டுக் குதிக்கக் காத்திருப்பவருக்கோ அது உடனே தெரியும். 'கிதார் ஹீரோ' போன்ற ஆட்டங்கள், பாட்டும் படமும் கையும் ஒத்துப்போக, திரை எவ்வளவு பிந்துகிறது என்று முதலில் அளந்து சரிசெய்துகொள்ளச் சொல்லின. டிவிக் கம்பெனிகள் தாமே சேர்த்த மெருகையெல்லாம் நிறுத்திவிடும் 'கேம் மோடு' என்ற ஏற்பாட்டைக் கொடுத்து, அதையே ஒரு விசேஷ அம்சமாக விளம்பரப்படுத்தின.

திரையோடு யந்திரம் நிற்கவில்லை. 2006-இல் வந்த நிண்டெண்டோ வீ, திரையின் மேலோ கீழோ ஒரு அகச்சிவப்புப் பட்டையை வைக்கச் சொல்லி, ஆடுபவரை எழுந்து நிற்க வைத்தது. உற்சாகத்தில் கைநழுவிய கட்டுப்பாட்டுக் கருவிகள் டிவியையும் விளக்கையும் உடைத்த கதைகள் பெருகவே, அந்த டிசம்பரிலேயே மணிக்கட்டுக் கயிறுகளைப் பருமனாக்கி மாற்றித்தரக் கம்பெனி முன்வர நேர்ந்தது. 2010-இல் மைக்ரோஸாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் காமிராவோ, ஒருவர் ஆட ஆறடியும் இருவர் ஆட எட்டடியும் விலகி நிற்கச் சொன்னது. அதாவது டீபாயை நகர்த்து, ஸோபாவைப் பின்னுக்குத் தள்ளு என்று யந்திரமே கூடத்துக்குக் கட்டளையிட்டது. ஜப்பானியரின் சிறு அறைகளில் அந்தக் கட்டளையை நிறைவேற்ற இடமேது?

கன்சோலையும் டிவியையும் இணைக்கும் கம்பிக்காக 2017-இல் வகுக்கப்பட்ட எச்டிஎம்ஐ 2.1 விதிமுறையில், 4கே படத்தை விநாடிக்கு 120 முறை அனுப்புவதும், ஆட்டத்தின் வேகத்துக்குத் தகத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வதும், கன்சோல் விழித்ததும் டிவி தானாகவே கேம் மோடுக்குப் போவதும் சேர்ந்தன. 2020 நவம்பரில் புதுப் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் வந்தபோது, டிவியின் பின்புறத்துத் துளைகளில் இந்த விதிமுறைக்கு இணங்குவது எது என்று கடைக்காரரை விசாரிப்பது வழக்கமாயிற்று. அன்று வந்த பிளேஸ்டேஷன் 5 நிமிர்ந்து நின்றால் சுமார் 39 சென்டிமீட்டர் உயரம் இருந்தது. டிவி அலமாரியின் தட்டுகளையும் அளந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. 2001-இல் நிண்டெண்டோவின் கேம்கியூப் யந்திரத்துக்காக வந்த 'ஸூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' என்ற சண்டை ஆட்டத்தில், விநாடியில் அறுபதில் ஒரு பங்கு பிந்தினாலும் அடி தவறும். ஆகையால் தட்டைத் திரைகள் மலிந்துவிட்ட பிறகும் அதன் போட்டிகளை நடத்துவோர் பிக்சர் டியூப் டிவிகளையே தேடிப் பிடித்தார்கள். யாரும் சீந்தாமல் தெருவோரத்தில் போட்டுவிட்டுப் போன பெட்டிகளுக்கு அவர்களிடத்தில் மதிப்பு ஏற்பட்டது. சொந்த டிவியைச் சுமந்துகொண்டுவரும் போட்டியாளர்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுப்பதும் வழக்கத்தில் இருந்தது.