காரின் முகப்பில் ஒரு செவ்வக ஓட்டை



நம் பிள்ளைகளில் சிலர் பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் டாக்சி, வேன் ஓட்டுகிறார்கள். சிலர் வெளியூரில் வேலை பார்த்துச் சொந்தக் கார் வாங்கியிருக்கிறார்கள். ஓரிருவர் கார் ஸ்டீரியோ பொருத்தும் கடை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். கார் வாங்கியவர்கள் கேட்பது, "சார், கம்பெனி கொடுத்த செட்டை மாத்தலாமா?" கடைக்காரர்கள் கேட்பது, "சார், புதுக் கார்ல கையே வைக்க முடியலை. எங்க தொழில் இனி நிக்குமா?" இரண்டு கேள்விக்கும் விடை வரலாற்றில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு செய்தி. காரில் பாட்டு கேட்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்கள் கார் கம்பெனிக்காரர்கள் அல்லர். வெளியே இருந்த சிறு தொழிலாளர்கள்தான். அமெரிக்காவின் சிகாகோவில் பால் கால்வின், அவர் தம்பி ஜோசப் கால்வின் இருவரும் 1928இல் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாமல் மின்சாரத்தில் இயக்கும் கருவியைச் செய்து விற்றார்கள். அந்த வியாபாரம் படுத்தபோது கார் ரேடியோவில் இறங்கினார்கள். 1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு நடந்தது. உள்ளே கடை போட வசதியில்லை. பால் கால்வின் தம் காரில் ரேடியோவைப் பொருத்தி, மாநாட்டுக்கு வெளியே நிறுத்தி, சத்தமாகப் பாட வைத்தார். ஆர்டர் கிடைத்தது. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பின்னாளில் கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது.

அன்றைய விலை 110 டாலருக்கு மேல். ஒரு புதுக் காரே சில நூறு டாலர்தான். பொருத்துவதும் லேசான வேலையில்லை. அன்றைய ரேடியோவில் வால்வுகள் இருந்தன. அவற்றுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். கார் பேட்டரியோ வெறும் 6 வோல்ட். அதனால் காரின் தரைப்பலகையை அறுத்துத் தனி பேட்டரிப் பெட்டிகளை உள்ளே வைத்தார்கள். ஸ்பார்க் பிளக்கிலிருந்து வரும் மின்பொறி ரேடியோவில் 'கரகர' என்று கேட்கும். அதை அடக்கத் தனி உதிரிகள் போட்டார்கள். கடன் கேட்டுப்போன வங்கி அதிகாரியின் காருக்கு ரேடியோ பொருத்திக் கொடுக்க, அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். கதையோ நிஜமோ, அதிலுள்ள எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

சில ஆண்டுகளில் 'வைப்ரேட்டர்' வந்தது. துடிக்கும் ஒரு சிறு உலோகத் தகடு பேட்டரியின் நேர்மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். டிரான்ஸ்ஃபார்மர் அதன் அழுத்தத்தை உயர்த்தும். தரைக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டிகள் போயின. 1932இல் ஜெர்மனியின் பிளாபங்க்ட் கம்பெனியும் கார் ரேடியோ கொண்டுவந்தது. 1955இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களுக்கு ஃபில்கோ கம்பெனி முழு டிரான்சிஸ்டர் ரேடியோவைச் செய்தது. வால்வும் வைப்ரேட்டரும் ஓய்வு பெற்றன.

நம் நாட்டில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் கார் பெரும்பாலும் பாட்டு இல்லாமல்தான் வரும். வேண்டுமென்றால் நாம்தான் வெளியே பொருத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம் அது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நிலைமையை மாற்றியது கேசட். பிலிப்ஸ் கம்பெனி அதை 1963இல் பெர்லினில் அறிமுகம் செய்தது. நம்மூருக்குப் பரவலாக வந்தது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும். பழனி அடிவாரத்தில் டி.எம்.எஸ்., சூலமங்கலம் சகோதரிகள் பாடிய முருகன் பாட்டுக் கேசட் வாங்காமல் ஊர் திரும்பிய யாத்திரை வேன் குறைவு. 1978இல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்கள் தமிழில் ஸ்டீரியோவில் பதிவானவற்றுள் முன்னோடி. இசை நம் பண்ணைப்புரத்து இளையராஜா. ஸ்டீரியோ என்றால் இடப்பக்கம் ஒரு ஒலி, வலப்பக்கம் ஒரு ஒலி. ஒற்றை ஸ்பீக்கரில் அது விளங்காது. ஆகவே கார்களில் இரண்டாவது ஸ்பீக்கர் வந்தது. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையை அறுத்து முட்டை வடிவ ஸ்பீக்கரைப் பதிப்பது ஊரெங்கும் பரவியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன.

இந்த இடத்தில்தான் தலைப்பில் சொன்ன ஓட்டை வருகிறது.

ஜெர்மனியில் 'டின்' என்று ஒரு தர நிர்ணய நிறுவனம் உண்டு. கார் ரேடியோவின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று அவர்கள் ஒரு அளவு வகுத்தார்கள். 1984இல் அது ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரமாக ஏற்கப்பட்டது. உயரத்தை இரட்டித்து 100 மில்லிமீட்டராக்கினால் 'டபுள் டின்'. கடைக்காரர்கள் நாள்தோறும் சொல்லும் 'சிங்கிள் டின், டபுள் டின்' என்பதெல்லாம் இதுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு செவ்வக ஓட்டைக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு. அதனால் ஜப்பானில் செய்த பயனியர், சோனி, கென்வுட் செட்டை, ஜெர்மனிக் காரிலும் போடலாம், நம் மாருதியிலும் போடலாம். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் யு.எஸ்.பி. வந்தது, பிறகு புளூடூத் வந்தது. கார் பழையதுதான். ஓட்டையில் இருந்த பெட்டி மட்டும் மாறியது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முதல் நம் பழனி பைபாஸ் வரை எத்தனை கடைகள், எத்தனை பேருக்குச் சோறு! பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன்கூட டெஸ்டர் பிடிக்கக் கற்று, சொந்தக் காலில் நிற்க முடிந்தது. பொது அளவு என்பது எளியவனுக்குத் திறந்து வைத்த கதவு.

நம் மலைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. பின்னாளில் கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் அகில இந்திய வானொலியின் கோடை பண்பலை வந்தது. பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், பார்வை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். சமவெளியைவிடக் கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரம். வர்க்கமூலம் 42.4. பெருக்கினால் சுமார் 150 கிலோமீட்டர். மதுரை, கோவை, திருச்சி மூன்றும் இந்த வட்டத்துக்குள் அடங்கும். கணக்கு எதற்கு உதவும் என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு இது என் தாமதமான பதில்.

பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். பழைய மத்திய அலையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. நல்ல ஒலி வந்த பிறகுதான் கம்பெனி கொடுத்த காகித ஸ்பீக்கரின் குறை காதுக்குத் தெரிந்தது. கார் கம்பெனி விற்பது காரை. ஸ்பீக்கரில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் லட்சம் கார்களில் அது பெரிய தொகை. ஆகவே அங்கே சிக்கனம் காட்டுவது இயல்பு.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மாற்றலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் முன்கதவு ஸ்பீக்கர்கள். கூடவே கதவின் உட்தகட்டில் அதிர்வடக்கும் ஷீட் ஒட்டுங்கள். கதவு அதிர்ந்தால் எந்த ஸ்பீக்கரும் தகர டப்பா போலத்தான் பாடும். பலருக்கு இதுவே போதும்.

செட்டின் மேல் '50 வாட், 4 ஸ்பீக்கர்' என்று எழுதியிருக்கும். நம்பாதீர்கள். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4ஐ அதனாலேயே பெருக்கி 8ஆல் வகுத்தால் சுமார் 26 வாட். சிதையாத ஒலிக்கு உச்ச வரம்பே அதுதான். அதற்கு மேல் வேண்டுமானால் தனி ஆம்ப்ளிஃபையர் போட வேண்டும். அது உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும். பழைய வைப்ரேட்டர் செய்த அதே வேலை, இன்று சத்தமில்லாமல் நடக்கிறது!

500 வாட் ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் 45 முதல் 60 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பதே சுமார் 9 ஆம்பியர். ஆகவே ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். பியூஸை பேட்டரிக்கு அருகில், அரை மீட்டருக்குள் போட வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மட்டும் பியூஸ் இருந்தால், நடுவில் ஒயர் உரசினால் தடுக்க ஒன்றுமில்லை. அந்த வங்கி அதிகாரியின் கார்க் கதைதான். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டே இணைக்கச் சொல்லுங்கள். வெட்டினால் வாரண்டி மறுக்கப்படலாம்.

மலைப்பாதையில் ஓட்டும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் வரும் பேருந்தைக் கண் பார்க்காது, காதுதான் கேட்கும். எதிர் ஹார்ன் கேட்காத அளவுக்குப் பாட்டு வைத்தால், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். 1930களிலேயே அமெரிக்காவின் சில மாநிலங்களில் கார் ரேடியோவைத் தடை செய்யலாமா என்று விவாதித்தார்கள். தடை வரவில்லை, கவலை மட்டும் இன்றும் இருக்கிறது. காதுக்கும் கணக்கு உண்டு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். நாள் முழுக்க வண்டியில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு வருத்தம் தருவது. இன்றைய கார்களில் அந்தச் செவ்வக ஓட்டை மறைந்து வருகிறது. அதன் இடத்தில் டேஷ்போர்டோடு சேர்த்து வார்த்த பெரிய திரை. ஏ.சி., பின்பக்கக் கேமரா, வண்டியின் அமைப்புகள் எல்லாம் அதற்குள். சில கார்களில் எச்சரிக்கை ஒலிகளும் அதே ஸ்பீக்கர் வழியாக வருகின்றன. பாட்டுப் பெட்டியைக் கழற்றினால் காரின் பாதி மூளையைக் கழற்றியது போல. வசதி கூடியது உண்மை. வெளியே இருந்த கைக்குக் கதவு அடைபட்டதும் உண்மை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி மாற்றவும் பழுது பார்க்கவும் வாங்கியவனுக்கு உரிமை எவ்வளவு என்பது இன்று உலகம் முழுவதும் நடக்கும் வழக்கு. நம் பையனின் சிறு கடையும் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர்.

கடை வைத்திருக்கும் பிள்ளைகளே, தொழில் அழியாது, இடம் மாறும். திரையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே ஒலியை எடுத்து, 'டி.எஸ்.பி.' என்னும் ஒலிச் சீரமைப்புக் கருவி வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. முன்பு ஸ்குரூ டிரைவர் போதும். இனி அலைவரிசை, காலதாமதம், ஓம் விதி எல்லாம் தெரிய வேண்டும். படியுங்கள். கேசட்டிலிருந்து சி.டி.க்கும், சி.டி.யிலிருந்து புளூடூத்துக்கும் மாறியவர்கள் நீங்கள். இதற்கும் மாறுவீர்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருளை எங்கே வாங்கினாலும், பொருத்தும் வேலையை நம்மூர்ப் பையனிடம் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். பியூஸை எங்கே போட்டான் என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மலை ஏறும்போது சத்தத்தைக் குறையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்