அழிக்கச் சொன்ன படமும் அழியாத பிரதியும்

இங்கிலாந்தில் ஒருவர் ஒரு புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டால், அதன் பிரதியை நாட்டின் பெரிய நூலகத்தில் சேர்ப்பித்தாக வேண்டும். 1710 ஆம் ஆண்டுச் சட்டமே இதனை வற்புறுத்தியது. நூல் நல்லதா தீயதா, விற்றதா விற்காததா என்று அங்கே கேட்பாரில்லை. ஒரு பென்னி விலையுள்ள கதைப் புத்தகத்துக்கும் அங்கே அலமாரியில் இடமுண்டு. ஆனால் அதே நாட்டில், பல்லாயிரம் பவுன் செலவில், பலர் இரவு பகலாக உழைத்து எடுக்கும் சினிமாப் படத்தை எங்கேனும் சேர்ப்பித்தாக வேண்டுமென்று இன்றளவும் சட்டம் இல்லை. படம் முதலாளியின் சொத்து. அவர் விரும்பினால் காட்டலாம், விரும்பாவிடில் பூட்டி வைக்கலாம், கொளுத்தியும் விடலாம். 1930க்கும் 1960க்கும் இடையே வெளிவந்த பிரிட்டிஷ் படங்களிற் பல இன்று ஏன் கண்ணிற் படுவதில்லை என்று கேட்போர் முதலில் இவ்வுண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1933 இல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் தோன்றியது. 1935 இல் அதன் கீழ்த் தேசியத் திரைப்பட நூலகம் அமைந்தது. எர்னஸ்ட் லிண்ட்கிரென் என்பவர் அதன் முதற் காப்பாளர். அவர் கையில் அதிகாரம் ஏதுமில்லை. கோரிக்கை மட்டுமே இருந்தது. படமுதலாளிகளிடம் கேட்டுப் பெற வேண்டும். கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை.

இந்நிலையில் ஒரு படத்துக்கு நேர்ந்ததைச் சிறிது விரிவாகக் கூறுவோம். பாட்ரிக் ஹாமில்டன் 1938 இல் எழுதிய ஒரு நாடகத்தைத் தழுவி, தோரல்ட் டிக்கின்சன் என்ற டைரக்டர் 1940 இல் ‘காஸ்லைட்’ என்னும் படத்தை எடுத்தார். அந்தோன் வால்புரூக்கும் டயானா வின்யார்டும் கணவன் மனைவியாக நடித்தனர். மாணிக்கக் கற்களுக்காகக் கொலை செய்த ஒருவன், அவற்றைத் தேடி இரவுதோறும் மேல்மாடியில் விளக்கேற்றுகிறான். அப்போது கீழறையிலுள்ள வாயு விளக்கு மங்குகிறது. அதனைக் கண்ட மனைவியிடம், எல்லாம் உன் மனமயக்கமே என்று சாதித்து, அவளைப் பைத்தியமென்றே நம்பச் செய்ய முயல்கிறான். கதை இவ்வளவுதான். டிக்கின்சன் இதனைச் சுருக்கமாகவும் இரக்கமின்றியும் சொல்லியிருந்தார். கணவன் தன் மனைவிக்குச் சொந்த புத்தியே இல்லையென்று ஊரார்முன் நிறுவ முற்படுவது நமக்குப் புதிய கதையன்று. ஆயினும் திரையில் அதனை இவ்வளவு துணிவாகக் காட்டியோர் அந்நாளில் மிகச் சிலரே.

பின்னர் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் அக்கதையின் உரிமையை வாங்கியது. 1944 இல் இங்ரிட் பெர்க்மனை வைத்துத் தானே ஒரு படம் எடுத்து வெளியிட்டது. ஒரே கதைக்கு இரண்டு படங்கள் இருந்தால் வியாபாரம் கெடுமல்லவா? ஆகவே முந்தைய படத்தின் மூலச் சுருளையும் பிரதிகளையும் அழித்துவிடும்படி கட்டளை பிறந்தது. டிக்கின்சன் யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதியை எடுத்து ஒளித்து வைத்தார் என்பது சினிமாச் சரித்திரம் எழுதியோர் பலரும் குறிப்பிடும் செய்தி. ஒப்பந்தப்படி அது தவறு. ஆனால் ஒப்பந்தத்தை மதித்திருந்தால் இன்று படமில்லை. சட்டத்தை மீறுவோரைப் புகழ்வது நம் வழக்கமன்று. எனினும் இவரைப் புகழாமலிருக்க இயலவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு பெண்ணின் ஞாபகத்தைப் பொய்யென்று சாதிக்கும் கதையைக் கொண்ட படத்தையே, அப்படி ஒன்று இருந்ததே இல்லையென்று சாதிக்கப் பார்த்தார்கள். அதன் பெயரோ ஆங்கில மொழியில் ஒரு வினைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ‘காஸ்லைட்டிங்’ என்னும் சொல்லை 2022 ஆம் ஆண்டின் சொல்லாக மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் தேர்ந்தெடுத்தனர். டிக்கின்சன் பிற்காலத்தில் லண்டனில் சினிமாக் கலையைப் போதிக்கும் பேராசிரியரானார். பிரிட்டனில் அப்பதவியை முதன்முதலாக ஏற்றவர் அவரே. அவருடைய 1949 ஆம் ஆண்டுப் படமாகிய ‘தி குவீன் ஆஃப் ஸ்பேட்ஸ்’ என்பதும் நெடுங்காலம் கண்ணிற் படாமல் கிடந்து, 2009 இல் மீண்டும் கொட்டகைகளுக்கு வந்தது.

முதலாளியின் கட்டளை ஒருபுறமிருக்க, படச்சுருளே தனக்குத் தான் பகையாயிருந்தது. 1950 வரையில் கொட்டகைப் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் என்னும் பொருளில் அச்சிடப்பட்டன. அது தீப்பிடித்தால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே கொண்டது. எரியாவிட்டாலும் நாளடைவில் பிசினாகி, பின் தூளாகிவிடும். அதன்பின் வந்த அஸிடேட் சுருள் எளிதில் தீப்பற்றாது; ஆனால் அதுவும் கெட்டால் புளிக்காடியின் நெடி வீசும். இங்கிலாந்தில் வார்விக்ஷயரிலுள்ள கேய்டன் என்னுமிடத்தில், இன்று மூலச் சுருள்களைப் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி குளிரில் வைத்துக் காக்கின்றனர். அவ்வளவு குளிரிலேதான் அவை முதுமையடையாமல் நிற்கும்.

பெரிய படங்களின் கதி இதுவானால் சிறிய படங்களின் கதியைச் சொல்ல வேண்டுமோ? அமெரிக்கப் படங்களின் வெள்ளத்தைத் தடுக்க 1927 இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. விநியோகஸ்தர்கள் நூற்றுக்கு ஏழரையும், கொட்டகைக்காரர்கள் நூற்றுக்கு ஐந்தும் பிரிட்டிஷ் படங்களாக வைத்திருக்க வேண்டுமென்பது தொடக்க விதி. இவ்வளவு பின்னர்ப் படிப்படியாக இருபதாக உயர்ந்தது. உடனே, கணக்குக் காட்டுவதற்காகவே அடிக்கு ஒரு பவுன் வீதம் அவசர அவசரமாகப் படங்கள் உற்பத்தியாயின. அவற்றை மட்டமென்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஆனால் அப்பள்ளியில் பயின்றவர்களைப் பாருங்கள். ‘தி ரெட் ஷூஸ்’ படத்தால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பவல் 1931க்கும் 1936க்கும் இடையே இத்தகைய படங்களை இருபதுக்குமேல் எடுத்தார். அவற்றிற் பல இன்று இல்லை. அவருடைய முதற் படங்களுள் ஒன்றாகிய ‘டூ கிரவுடட் ஹவர்ஸ்’ தொலைந்த படங்களின் வரிசையிற் சேர்ந்துவிட்டது. ஒரு கலைஞன் கைபழகிய ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, அவன் எழுத்தின் அழகை எங்கிருந்து ஆராய்வது?

இனித் தேடுவோர் எவ்வாறு தேடுகின்றனர் என்பதைப் பார்ப்போம். அச்சட்டத்தின்படி ஒவ்வொரு படமும் நீளத்தோடு பதிவு செய்யப்பட வேண்டியிருந்தது. கொட்டகைச் சுருள் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். பதிவில் 7,200 அடி என்றிருந்தால், படம் 80 நிமிஷம் ஓட வேண்டும். கிடைத்த பிரதி 65 நிமிஷத்தில் முடிந்தால், பதினைந்து நிமிஷத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்பது வெளிப்படை. இவ்விதம் அடிக்கணக்கே தேடுவோர்க்கு முதற்சாட்சி. இரண்டாவது, பெயர் மாற்றம். ‘காஸ்லைட்’ 1952 இல் அமெரிக்காவில் ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் ஓடியது. அமெரிக்கர் எடுத்த படமோ பிரிட்டனில் ‘தி மர்டர் இன் தார்ன்டன் ஸ்கொயர்’ எனப் பெயர் பூண்டது. பெயரை மட்டும் பார்த்துத் தேடுவோன் வழி தவறுவது நிச்சயம்.

பவலும் பிரஸ்பர்கரும் சேர்ந்து எடுத்த ‘கான் டு எர்த்’ (1950) இவ்விரண்டு தொல்லைகளையும் ஒருங்கே பெற்றது. செல்ஸ்னிக் என்னும் ஹாலிவுட் முதலாளிக்குப் படம் பிடிக்கவில்லை, வழக்காடித் தோற்றார். ஆனால் அமெரிக்க உரிமை அவரிடம் இருந்தது. வேறொரு டைரக்டரைக் கொண்டு சில காட்சிகளைப் புதிதாக எடுத்து, 110 நிமிஷப் படத்தை 82 நிமிஷமாக வெட்டி, ‘தி ஒயில்ட் ஹார்ட்’ என்று 1952 இல் வெளியிட்டார். முழுப் படம் செப்பனிடப்பட்டு மீண்டும் வெளிவர 1980களின் நடுப்பகுதி வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

படங்களைக் காத்தவர்களுள் தனிமனிதர்களாகிய சேகரிப்போரை மறத்தல் ஆகாது. வாடகைக்கு விட்ட பிரதிகள், குப்பைக்குப் போக வேண்டிய பிரதிகள் ஆகியவற்றை வாங்கி, வீட்டு மாடியிலும் தோட்டத்துக் கொட்டிலிலும் அடுக்கி வைத்தவர்கள் அவர்கள். நாட்டுக்குச் செய்த நன்மைக்கு அவர்கள் பெற்ற பரிசு போலீஸ் சோதனை. பாப் மங்க்ஹவுஸ் என்ற பேர்பெற்ற நகைச்சுவை நடிகர், விநியோகஸ்தர்களை ஏமாற்ற முயன்றதாக 1979 இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வழக்கு நிற்கவில்லை, அவர் விடுதலையானார். ஆனால் பறிமுதலான படங்களிற் பல அவர் கைக்குத் திரும்பவேயில்லை. இத்தகைய வழக்குக்குப் பின் மறைவில் படம் வைத்திருப்போர் வாய் திறப்பார்களா?

2010 இல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் தான் தேடும் 75 படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஊமைப்படங்கள் மட்டுமல்ல, 1960 ஆம் ஆண்டுப் பேசும்படமாகிய ‘லிண்டா’வும் இருந்தது. கண்ணுக்கெட்டிய காலத்துப் படமும் காணாமற் போகிறதென்றால் என்ன சொல்வது! பட்டியலில் இருந்தவற்றுள் ‘லவ், லைஃப் அண்ட் லாஃப்டர்’ என்ற 1923 ஆம் ஆண்டுப் படம், 2014 இல் ஹாலந்து நாட்டில் ஒரு சிற்றூர்க் கொட்டகையின் பழைய தகர டப்பாக்களிலிருந்து வெளிப்பட்டது. 2015 முதல் ‘டாக்கிங் பிக்சர்ஸ்’ என்னும் தொலைக்காட்சி நிலையத்தை ஒரு குடும்பத்தார் நடத்தி, பெருநிலையங்கள் தொடாத பழைய பிரிட்டிஷ் படங்களை நாள்தோறும் காட்டி வருகின்றனர். இத்தகைய படங்களை நூற்றுக்கணக்கில் வட்டுகளாக விற்ற நெட்வொர்க் என்ற நிறுவனமோ 2023 இல் மூடப்பட்டது.

மலாயாவைப் பற்றிய படங்களும் இக்கணக்கிற் சேர்ந்தவையே. 1938 இல் ஸ்டிராண்ட் நிறுவனத்தார் எடுத்த ‘ஃபைவ் ஃபேசஸ்’, 1948 இல் கிரௌன் பிலிம் யூனிட்டார் எடுத்த ‘வாய்சஸ் ஆஃப் மலாயா’ ஆகிய இரண்டும் இந்நாட்டு மக்களைப் படம் பிடித்தவை. 1952 இல் கென் அன்னாகின் எடுத்த ‘தி பிளாண்டர்ஸ் ஒய்ஃப்’, அதாவது தோட்டத்துரையின் மனைவி, அவசரகாலத்து ரப்பர்த் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. அமெரிக்காவில் அது ‘அவுட்போஸ்ட் இன் மலாயா’ ஆயிற்று. துரையும் துரைசானியும் கதைத்தலைவர்கள். புகழ்பெற்ற நடனக் கலைஞர் ராம் கோபால் அதில் நாயர் என்ற சிறு பாத்திரத்தில் வருகிறார். பால் வெட்டியவர்களுக்குக் கதையில் கிடைத்த இடம் எவ்வளவு என்பதைப் படத்தைப் பார்ப்பவர்களே அளந்துகொள்ளலாம். பார்ப்பதற்குத்தான் அது எளிதில் அகப்படுவதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளைப் பற்றி எடுக்கப்பட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படங்களின் அட்டவணை ஒன்று 2010 இல் வெளியாயிற்று. அவற்றுள் நூற்றைம்பதுக்குச் சற்று அதிகமானவற்றை மட்டுமே அப்போது யாவரும் இணையத்திற் பார்க்கும்படி வைத்தனர். மற்றவற்றைக் காண விரும்புவோர், படத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து, அவற்றைக் காக்கும் நிலையத்தாருக்கு எழுதிக் கேட்க வேண்டும். கேட்கும்போது மாற்றுப் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.